‘மிஸ்’ தொழில் தொடங்கலாமா?

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அண்மையிலிருந்து 29 வயதுச் சகோதரி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கமாகத் தருகிறோம்.

அம்மா கொழுந்து பறித்தவர், அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தவர். இவர் சமூகப்பணியில் டிப்ளோமா முடித்துவிட்டு, 19 பேர் வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் 4 வருடம் 8 மாதமாகக் கள உத்தியோகத்தராக இருக்கிறார். சம்பளம் 68,000 ரூபாய். ஆறு தோட்டப் பிரிவுகளில் 38 குடும்பங்களும் நான்கு மாதர் குழுக்களும் இவருடைய பொறுப்பு. இப்போதைய செயற்றிட்டம் இன்னும் ஐந்து மாதத்தில் முடிகிறது.

“இரவு பதினொரு மணிவரை போன் வருகிறது. இரண்டு மாதக் கேஸ் குறிப்புகள் எழுதாமல் கிடக்கின்றன. மாத அறிக்கையைக் கடைசி இரவில் ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன். போன் அடித்தாலே எரிச்சல் வருகிறது. நான் ஒழுக்கமில்லாத சோம்பேறி” என்கிறார். ஒரு பயிற்சிக்குப் போனபோது “காலை ஐந்து மணிக்கு எழும்புங்கள், உங்களுக்கு நீங்களே முதலாளி” என்று சொல்லியிருக்கிறார்கள். பதினொரு நாள் எழும்பியிருக்கிறார், பன்னிரண்டாம் நாள் முடியவில்லை. அதே பயிற்சியில் தோன்றியதுதான் தொழில் யோசனை. குழுவிலுள்ள 12 பெண்களைக் கொண்டு நைட்டி தைத்து விற்பது, குழுவின் சேமிப்பு 85,000 ரூபாயில் மூன்று தையல் மெஷின் வாங்குவது, ஆர்டர் பிடித்துக் கொடுப்பதற்காகத் தனக்கு நூற்றுக்குப் பத்து எடுப்பது. கஷ்டப்பட்ட குடும்பங்களுக்குத் தன் கையிலிருந்து 22,000 ரூபாய் கடன் கொடுத்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். வேலையை இப்போதே விட்டுவிடலாமா, சேவை செய்கிறவர் காசு பார்க்கலாமா, அமைப்பாகப் பதிவு செய்து லாபத்தை எடுக்கலாமா, ஒழுக்கத்தை எப்படிப் பழகுவது என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கடைசியாகக் கேட்டதிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். ஆனால் உங்கள் கடிதத்தில் காத்திருக்க முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த 85,000 ரூபாய்.

அந்தக் காசில் கை வைக்காதீர்கள்

“எல்லோரும் சரி என்று சொல்லிவிட்டார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் உங்களை ‘மிஸ்’ என்று கூப்பிடுகிறவர்கள். அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுக்கான மேன்முறையீட்டை எழுதிக்கொடுத்தவர் நீங்கள். குடித்துவிட்டு அடித்த கணவனுக்கு எதிராகப் பொலிசுக்குப் போனபோது கூட வந்தவரும் நீங்கள்தான். அப்படிப்பட்ட ‘மிஸ்’ கேட்டால் “இல்லை” என்று சொல்ல எந்த அக்காவுக்கு மனம் வரும்? உங்கள் உதவியை நம்பி இருக்கிறவர் கொடுக்கும் சம்மதத்தை முழுச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. சமூகப்பணியில் இரட்டை உறவைத் தவிர்க்கச் சொல்வது இதற்காகத்தான். ஒரே ஆளுக்கு நீங்கள் உதவி செய்கிறவராகவும் வேலை கொடுக்கிறவராகவும் இருந்தால், தைத்த கூலி குறைவு என்று அவர் யாரிடம் முறையிடுவார்?

தொழில் நட்டப்பட்டால் நடக்கப்போவதையும் யோசியுங்கள். காசைத் திருப்பிக் கேட்பார்கள். கொடுக்க முடியாமற்போனால், நம்பிக்கையாக ஒப்படைத்த பணத்தைக் கையாண்டுவிட்டார் என்று பொலிசில் முறைப்பாடு வரலாம். நம்பிக்கை மோசடி தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். உங்கள் மனதில் கள்ளம் இல்லை என்பதை நீங்கள்தான் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டிவரும். வங்கிக் கணக்கில் கையொப்பமிடும் மூவரில் நீங்களும் ஒருவர் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்து இந்த மாதமே விலகுங்கள். கூட்டக் குறிப்பில் தீர்மானம் எழுதி, தலைவி, செயலாளர், பொருளாளர் மூவரின் பெயரில் கணக்கை மாற்றுங்கள். கணக்குக் கொப்பியும் பொருளாளரிடமே இருக்கட்டும்.

நீங்கள் கொடுத்த 22,000 ரூபாயை யார், எவ்வளவு, எப்போது என்று ஒரு தாளில் எழுதி, உங்கள் மேற்பார்வையாளரிடம் நீங்களே முந்திச் சொல்லுங்கள். திருப்பிக் கேட்டுக் குடும்பங்களை நெருக்க வேண்டாம், தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இனிமேல் கைக்காசு கொடுப்பதில்லை என்று இருங்கள். அவசரத்துக்கு நிறுவனத்தில் சிறு தொகை ஒன்றை ஒதுக்கி, பற்றுச்சீட்டோடு கொடுக்கும் ஏற்பாட்டைக் கேட்டுப் பெறுங்கள். கடன் வாங்கிய அக்கா உங்களைக் கண்டதும் காம்பராவுக்குள் ஒளிந்துகொள்வார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியவராது.

நைட்டிக் கணக்கு

இனித் தொழிலைப் பார்ப்போம். யோசனை நல்லதா கெட்டதா என்று வாதாடுவதைவிடக் கணக்குப் போடுவது மேல். உங்கள் ஊர்க் கடை விலையை நீங்கள் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், முறைக்காகச் சில தொகைகளை எடுத்துக்கொள்கிறோம். துணி 650 ரூபாய், நூலும் பொத்தானும் 60, பை 20, துணி வாங்கப் போன பஸ் காசில் பங்கு 30, மின்சாரம் 15, மெஷின் தேய்மானம் 25. ஆக 800. விற்கும் விலை 1,100 என்றால் மிச்சம் 300. வெட்டித் தைத்து முடிக்க இரண்டு மணித்தியாலம் ஆகும் என்று வைத்தால், எட்டு மணித்தியால நாளில் நான்கு நைட்டி, 1,200 ரூபாய்.

2024இல் நிர்ணயித்த தோட்ட நாட்சம்பளமான 1,350 ரூபாயையே எடுத்தாலும் இது குறைவு. தோட்டத்தில் பேர் விழுந்தால், அதாவது ஒரு நாள் வேலை பதிவானால், அதற்குமேல் நிர்வாகம் ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எப்.) 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு (ஈ.டி.எப்.) 3 சதவீதமும் கட்டும். அது இன்னும் 202 ரூபாய் 50 சதம். இப்போது உங்கள் பத்து வீதத்தைக் கழியுங்கள். நைட்டிக்கு 110 போனால் மிச்சம் 190, நாளுக்கு 760. கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் பெண்ணைத் தையலுக்கு இழுத்தால் அவருக்கு நாளொன்றுக்குப் பாதிக்குமேல் நட்டம். அந்த நட்டத்திலிருந்துதான் உங்கள் கமிஷன் வரும்.

ஆகவே தையலே வேண்டாம் என்று முடிவுகட்டத் தேவையில்லை. பேர் போடாத பெண்களுக்கு, அதாவது கைக்குழந்தை உள்ளவருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் ஓய்வு நேரத்தில் தைப்பவருக்கும், அதே 300 ரூபாய் நல்ல வருமானம். துணி வாங்காமல் கூலிக்கு மட்டும் தைத்தால் முதலும் முடங்காது. பாடசாலைச் சீருடைத் துணியை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது, தையற்கூலி பெற்றோர் தலையில். அந்த வேலை புதிய தவணை தொடங்கும்போது குவியும். தீபாவளி முற்பணம் கைக்கு வரும் வாரங்கள் இன்னொரு பருவம். இரண்டுக்கும் நடுவில் மெஷின் தூசி படியும், அதையும் கணக்கில் சேருங்கள். தோட்டத்தில் சிறு வியாபாரம் படுப்பது பெரும்பாலும் கடனால்தான். “சம்பளம் போட்டதும் தாறேன்” என்று பத்துப் பேர் வாங்கினால் அடுத்த துணிக்குக் காசு இருக்காது. பாதிக் காசு முற்பணம், மீதியைக் கொடுத்தால்தான் உடுப்பு என்று முதல் நாளே சொல்லாத தையற்காரி மூன்றாம் மாதம் மெஷினை விற்பார்.

மூன்று மெஷின் வாங்கவும் வேண்டாம். 12 பேரில் ஏற்கனவே மெஷின் வைத்திருப்பவர் இருப்பார். அவர் ஆறு வாரத்துக்குப் பத்து ஆர்டர் எடுத்துப் பார்க்கட்டும். எத்தனை மணித்தியாலம் ஆனது, எத்தனை பேர் காசு கொடுத்தார்கள், எத்தனை உடுப்பு திருத்தத்துக்குத் திரும்பி வந்தது என்ற மூன்றையும் எழுதிவைத்தால் போதும். பிறகு குழுவே கூடி முடிவெடுக்கட்டும். அந்தக் கூட்டத்தில் நீங்கள் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம், வாக்குப் போடக்கூடாது.

ஒன்று இடையில் சொல்ல வேண்டும். பெண்களின் படத்தைப் பேஸ்புக்கில் போட்டு “தோட்டத்து ஏழைத் தாய்மாருக்குக் கை கொடுங்கள்” என்று விற்கும் யோசனையைக் கைவிடுங்கள். நைட்டியின் தையல் நன்றாக இருந்தால் அது விற்கும். தாயின் வறுமையைக் காட்டினால் ஒரு தடவைதான் விற்கும், அந்தப் படமோ பிள்ளை பெரிய வகுப்புக்குப் போன பின்னும் சுற்றிக்கொண்டிருக்கும்.

சேவை செய்கிறவர் காசு பார்க்கலாமா?

பார்க்கலாம். சமூகப்பணி படித்துச் செய்யும் தொழில், அதற்குக் கூலி உண்டு. “காசு பார்க்கக் கூடாது” என்று உங்களிடம் சொன்னவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ‘தொழில்முனைவு’ என்ற சொல் நம் லயங்களுக்குள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குள், முதலில் வந்ததே வாரக் கடனோடுதான். “சுயதொழில் செய்யுங்கள்” என்று கொடுத்த காசு அரிசிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனது. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் வாங்கினார்கள். கடன்காரர் வரும் நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போன பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2018இல் நுண்கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 35 சதவீதம் என்று உச்சவரம்பு வைக்க வேண்டிவந்தது. அந்த அனுபவம் உள்ள ஊரில் ‘மிஸ்’ தொழில் பேசினால் சந்தேகம் வரத்தான் செய்யும்.

ஒரு சமூகப்பணியாளருக்குத் தேவையான தொழில்முனைவு மனநிலை, பயனாளியிடம் எதையாவது விற்பதில் இல்லை. அது கண்ணெதிரே இருக்கும் வீண்விரயத்தைக் காண்பது, சிறிதாகச் சோதிப்பது, கணக்கு வைப்பது, சரிவராவிட்டால் நிறுத்துவது. உங்கள் கடிதத்திலேயே உதாரணம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் பெயர்ப் பிழை, அடையாள அட்டை விண்ணப்பம் என்று ஒவ்வொரு தாயையும் தனித்தனியே பிரதேச செயலகத்துக்குக் கூட்டிப்போகிறீர்கள். ஏதோ ஒரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்புகிறார்கள். இரண்டு தடவை, மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஒரு பேர் போகிறது, உங்களுக்கு ஒரு நாள் போகிறது. அதற்குப் பதிலாக, தேவையான தாள்களின் பட்டியலைச் செயலக உத்தியோகத்தரிடமே கேட்டு எழுதி, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு இடத்தில்) ஆறு குடும்பங்களின் தாள்களை ஒன்றாகச் சரிபார்த்து, குறை தீர்ந்தவர்களை மட்டும் ஒரே நாளில் கூட்டிப்போய்ப் பாருங்கள். ஒரு விண்ணப்பத்துக்கு எத்தனை பயணம் என்பதை முன்னும் பின்னும் எழுதுங்கள். மூன்று ஒன்றாகக் குறைந்தால், அடுத்த செயற்றிட்ட முன்மொழிவில் வைக்க உங்களிடம் சொந்த எண் ஒன்று இருக்கும். நிதி கொடுப்பவரிடம் நான்கு பக்க உணர்ச்சியைவிட அந்த எண்ணுக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஒழுக்கத்தில் குறையில்லை, ஒழுங்கில்தான் ஓட்டை

இந்த இரண்டு சொல்லையும் நீங்கள் குழப்பிக்கொண்டீர்கள். சோம்பேறிக்கு 38 குடும்பங்களின் பிள்ளைகள் பெயர் மனப்பாடமாக இருக்காது. களைப்பு, மக்கள்மீதே வரும் எரிச்சல், “நான் எதற்கும் லாயக்கில்லை” என்ற நினைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதைத்தான் உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் பணிச்சோர்வின் அடையாளமாகச் சொன்னார். மூன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. தூக்கம் இரண்டு வாரத்துக்குமேல் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கத்தை மற்றவர்களுக்கு எழுதிக்கொடுக்கிறீர்கள், அது உங்களுக்கும் திறந்திருக்கிறது.

ஐந்து மணிக்கு எழும்பும் பாடத்தை விட்டுவிடுங்கள். நாலு மணிக்கு எழும்பி ரொட்டி சுட்டுவிட்டுப் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் காலைக் கூட்டத்துக்கு, போகிறவர்கள் நம் அம்மாமார். அதிகாலையில் எழும்பினால் முதலாளி ஆகலாம் என்றால் தோட்டங்கள் என்றைக்கோ அவர்கள் பெயருக்கு மாறியிருக்கும். உங்கள் சிக்கல் வேறு. நீங்கள் சந்திக்க வேண்டியவர்கள் பின்னேரம் நாலரைக்குப் பிறகுதான் லயத்துக்கு வருகிறார்கள். உங்கள் அலுவலக நேரமோ எட்டரை முதல் ஐந்துவரை. இரண்டையும் இழுத்துப் பிடித்தால் இரவுதான் மிஞ்சும். வாரத்தில் இரண்டு நாள் பகல் பன்னிரண்டுக்கு வேலை தொடங்கி இரவு ஏழரைக்கு முடிக்க, எழுத்தில் அனுமதி கேளுங்கள். மற்ற நாட்களில் காலை முதல் ஒன்றரை மணித்தியாலம் எழுத்து வேலைக்கு மட்டும். மே முதல் செப்டெம்பர்வரை உங்கள் பக்கத்தில் மழை பிடித்துக்கொள்ளும். அந்த மாதங்களில் தூரப் பிரிவுகளின் வீட்டுத் தரிசிப்பைக் குறைத்துத் திட்டமிட்டால், போக முடியாமற்போன பட்டியலைப் பார்த்து உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டியிராது.

தீர்மானத்தையும் மாற்றி எழுதுங்கள். “இனி ஒழுங்காகக் குறிப்பு எழுதுவேன்” என்பது நிற்காது. “பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கொப்பியைத் திறப்பேன்” என்பது நிற்கும். ஒரு செயலை இன்ன இடம், இன்ன நேரம் என்று முடிச்சுப் போட்டால் அது நடக்கும் வாய்ப்புக் கூடுகிறது என்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். உங்களுக்கு அந்த முடிச்சு திரும்பும் பஸ். நடுவில் ஒரு நாள் தவறினால் மறுநாள் பஸ்ஸில் தொடருங்கள். பதினொரு நாள் எழும்பியதைத் தோல்வி என்று எழுதியிருக்கிறீர்கள், அது பன்னிரண்டில் பதினொன்று.

குறிப்புக்கு நான்கு வரி போதும். என்ன கண்டேன், அவர் என்ன சொன்னார், நான் என்ன செய்தேன், அடுத்தது என்ன, எந்தத் திகதியில். “குடும்பம் மிகவும் கஷ்டத்தில் இருக்கிறது” என்பது குறிப்பாகாது. “மூத்தவன் மூன்று நாளாகப் பாடசாலை போகவில்லை, சப்பாத்து கிழிந்துவிட்டது என்று தாய் சொன்னார், அதிபரிடம் பேசினேன், 18ஆம் திகதி மறுபடி பார்ப்பேன்” என்பதுதான் குறிப்பு. பஸ்ஸில் வீட்டு இலக்கத்தை மட்டும் எழுதுங்கள், பெயர் வேண்டாம். பக்கத்து ஆசனத்தில் இருப்பவர் அதே தோட்டத்துக்காரராக இருக்கலாம்.

தேங்கிப்போன இரண்டு மாதத்தை ஒரே இரவில் எழுதி முடிக்கப் பார்க்காதீர்கள். நாளுக்கு மூன்று குடும்பம் என்றால் 38 குடும்பங்களும் 13 வேலை நாளில் முடியும். பிள்ளைப் பாதுகாப்பு, வீட்டு வன்முறை, தற்கொலை எண்ணம் உள்ளவற்றை முதலில் எழுதுங்கள். எழுதும் நாளின் திகதியைப் போட்டு, “பின்னர் எழுதியது” என்று மேலே குறியுங்கள். பழைய திகதியைப் போட்டு எழுதுவது மட்டும் வேண்டவே வேண்டாம். குறிப்புகள் நீதிமன்றம்வரை போகக்கூடும். அங்கே தாமதத்துக்கு விளக்கம் சொல்லிக்கொள்ளலாம், பொய்த் திகதிக்கு முடியாது.

போனுக்கு எல்லை இரவு எட்டு மணி. அதற்குமுன் ஒரு ஏற்பாடு வேண்டும். பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, பிள்ளைகளுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்று ஒரு தாளில் அச்சடித்து எல்லாக் குழுக்களுக்கும் கொடுங்கள். உத்தியோகத்தர்கள் இரவு அழைப்புக்கு முறை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நிறுவனக் கூட்டத்தில் கேளுங்கள். உயிராபத்து உள்ள குடும்பத்தை அவர்களுக்குத் தெரியாமல் ‘சைலன்ட்’டில் போடக்கூடாது. மற்றவர்களுக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும்.

வேலையை இப்போது விடாதீர்கள்

காரணம் வெறும் கணக்குத்தான். 15 பேர் அல்லது அதற்குமேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை (வேலையை விடும்போது கிடைக்கும் மொத்தத் தொகை) உண்டு என்று 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். உங்களுக்கு 34,000 வீதம் ஐந்து வருடம், 170,000 ரூபாய். இன்னும் நான்கு மாதம் இருந்தால் ஐந்து வருடம் நிறையும். செயற்றிட்டமோ ஐந்து மாதம் ஓடும். ஒப்பந்தங்களுக்கிடையில் இடைவெளி விழுந்திருந்தால் நிறுவனம் தகராறு பண்ணலாம். எல்லா நியமனக் கடிதங்களையும் சம்பளச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்தில் இப்போதே கேட்டுவையுங்கள். சேமலாப நிதியை எடுத்து முதல் போடலாம் என்று நினைத்திருக்கிறீர்கள். வேலையை விட்டதற்காக அது கைக்கு வராது, சாதாரணமாகப் பெண்களுக்கு 50 வயதில்தான். உங்கள் 8 சதவீதமும் நிறுவனத்தின் 12 சதவீதமும் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள்.

“அமைப்பாகப் பதிவு செய்து லாபத்தை எடுக்கலாமா” என்று கேட்டீர்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் 34ஆம் பிரிவில் பதியும் உத்தரவாத வரையறைக் கம்பனியிலிருந்து (பங்குகளுக்குப் பதிலாக உறுப்பினர்களின் உத்தரவாதத்தில் அமையும் கம்பனி) உறுப்பினர்கள் லாபம் பிரித்துக்கொள்ள முடியாது. லாபம் உங்களுக்கு வேண்டுமென்றால் அதைச் சொந்தத் தொழிலாக வெளிப்படையாகச் செய்யுங்கள், பிரதேச செயலகத்தில் வணிகப் பெயர் பதிந்தால் தொடங்கலாம். ஆனால் நைட்டியைவிட நல்ல சரக்கு உங்களிடம் இருக்கிறது. தமிழும் சிங்களமும் பேசுகிறீர்கள், குழுக்கூட்டம் நடத்தத் தெரியும், தோட்டத்துக்குள் யாரிடம் முதலில் பேச வேண்டும் என்று தெரியும். கள ஆய்வுக்கும் பயிற்சிக்கும் நாட்கணக்கில் ஆள் தேடும் நிறுவனங்கள் இருக்கின்றன. அதற்கு நாட்கூலியை 68,000ஐ மாதத்தின் 22 வேலை நாளால் வகுத்து 3,000 என்று சொல்லிவிடாதீர்கள். மாதத்தில் 10 நாள்தான் வேலை கிடைக்கும் என்று வையுங்கள். சம்பளம் 68,000, போக்குவரத்தும் போனும் 12,000, இதுவரை நிறுவனம் கட்டிய 15 சதவீதத்துக்கு ஈடாக 10,200. மொத்தம் 90,200, நாளுக்கு 9,000க்குக் கொஞ்சம் மேல். அந்த வேலையிலும் இப்போதைய 38 குடும்பங்கள் சேரக்கூடாது. இப்போது தொடங்குவதென்றாலும் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்துவிட்டு, விடுமுறை நாட்களில் செய்யுங்கள்.

அடுத்த மாதர் குழுக் கூட்டம் 14ஆம் திகதி என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்குச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுங்கள்: “அக்கா, போன தடவை நான் கேட்டது பிழை. காசு உங்கள் பேரிலேயே இருக்கட்டும். தையல் வேண்டுமா என்று கணக்குப் பார்த்து நீங்களே சொல்லுங்க.” சொல்லிவிட்டு நைட்டிக் கணக்கைப் பலகையில் எழுதுங்கள். உங்கள் 110 ரூபாயையும் சேர்த்தே எழுதுங்கள்.